தேக்கு அலுமாரியின் பூட்டு

அந்தப் பெண் கதவை மட்டும் கழற்றிக் கொண்டுவந்தாள். டென்மார்க்கில் செய்த பழைய தேக்கு அலுமாரியின் கதவு. பூட்டு பிய்ந்து தொங்கியது. பித்தளை ஆணிகள் மரத்தையும் கிழித்துக்கொண்டு வந்திருந்தன.

ஒனிஹங்கா என்கிற புறநகரில் பழைய ஸ்கண்டிநேவியத் தளபாடம் திருத்தும் பட்டறையில் வேலை செய்கிறேன். கீல், பூட்டு, கைபிடி உடைந்தால் என்னிடம்தான் வரும். விழுந்து உடைந்தது வேறு, அடித்து உடைத்தது வேறு. இது திருப்புளி விட்டு நெம்பியது. வராததால் உதைத்தது. சப்பாத்தின் கறுப்புக் கோடு மரத்தில் இருந்தது.

பிள்ளை இழுத்துவிட்டது என்றாள். அவளுடைய மணிக்கட்டு நீலமாக வீங்கியிருந்தது. கூட வந்த பக்கத்து வீட்டு சமோவாக்காரி காருக்குப் போனதும் அவளாகவே சொன்னாள்.

"வீட்டுக்காரர் என் பாஸ்போர்ட்டையும் பாப்பாவோடதையும் கிழிச்சுப் போட்ருவேங்கிறார், அண்ணா. ஹேண்ட்பேக்கை தினமும் கொட்டிப் பாக்குறார். இதுக்குள்ளதான் வைக்கணும். வேற எந்தச் சாவிக்கும் திறக்கக் கூடாது."

அந்தக் காலப் பூட்டுகளுக்கு ஒரே மாதிரித் திறப்புத்தான், அவள் சொல்லும் சாவி. ஒன்றின் திறப்பு இன்னொன்றைத் திறக்கும். பட்டறையில் ஒரு டப்பா நிறையக் கிடக்கிறது. பூட்டைப் பிரித்து, உள்ளே ஒரு பித்தளைத் துண்டைப் பற்றவைத்தேன். அவளுடைய திறப்பில் அதற்கேற்ற வெட்டு அராவினேன். மற்றத் திறப்பெல்லாம் அந்தத் துண்டில் முட்டி நிற்கும். கிழிந்த மரத்துக்குத் தேக்குக் கட்டை வைத்து ஒட்டி, புது ஆணி முடுக்கினேன். முடிந்த வேலையின் பின்பக்கம் கடை முகவரி ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் வழக்கம். கை பழக்கத்தில் ஒட்டிவிட்டது.

கதவு வீட்டுக்குப் போனபின் அதைப் பார்த்துத்தான் அவள் புருஷன் வந்தான். முதலாளி சாமான் இறக்கப் போயிருந்தார். நான் தனியாக இருந்தேன். சாவி கேட்டான். கதவுதான் என் வேலை, திறப்பு இல்லை என்றேன்.

"அகதியா வந்தவனுக்கு என் வீட்டுல என்னடா பஞ்சாயத்து?"

மேசையில் கிடந்த மரச்சுத்தியலை எடுத்துத் தாடையில் அடித்தான். பல் ஒன்று நாக்கில் விழுந்தது. விழுந்தவனின் விலாவில் மிதித்தான். என் கையில் அரம் இருந்தது. அவன் குனிந்தபோது கழுத்து அதன் நேரே வந்தது. குத்தவில்லை. திறப்பு டப்பாவைக் காட்டினேன்.

டப்பாவை அள்ளிக்கொண்டு ஓடினான். அவன் வீடு வெஸ்ட்கேட்டில், நகரின் மறுகோடி. மோட்டார்வேயில் நெரிசல் தொடங்கும் நேரம், போய்ச்சேரத் தாமதமாகும். பில்லில் அவளுடைய நம்பர் இருந்தது. வாயில் ரத்தத்தோடு போன் அடித்தேன்.

"வாறான். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு பிள்ளையோட வெளிக்கிடு."

வைத்துவிட்டாள். தரையில் சாய்ந்து உட்கார்ந்து இருந்தேன். மூச்சு இழுக்கும்போது விலா குத்தியது. முதலாளி வந்து ஆம்புலன்ஸ் கூப்பிட்டார். அது வருவதற்குள் அவள் எனக்குத் திரும்ப போன் எடுத்தாள். சமோவாக்காரி வீட்டில் கதவைத் தாழ் போட்டு, ஜன்னலால் தன் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாளாம். போலீஸ் வந்துகொண்டிருக்கிறதாம். அவன் ஒவ்வொரு திறப்பாகப் போட்டுப் பார்த்து, ஒன்றும் சுழலாமல், கராஜிலிருந்து கோடாலி எடுத்து வந்தானாம்.

போனில் தேக்கு பிளக்கும் சத்தம் கேட்டது. கூடவே பிள்ளையின் அழுகை.

"இன்னும் வெட்டிக்கிட்டுதான் இருக்கார், அண்ணா. உள்ள ஒண்ணுமே இல்ல."

"வெட்டட்டும்," என்றேன்.