எந்தப் பாரிலும் இல்லாத மீன்

விஷயம் புரியாமல் கைதட்டுவது எனக்குச் சிறுவயதிலேயே படிந்துவிட்ட பழக்கம். கச்சேரிகளில் பாட்டு முடிவதற்கு முன்பே தட்டியிருக்கிறேன். ஒரு இரங்கல் கூட்டத்தில், பேசியவர் நன்றாகப் பேசினார் என்பதற்காகத் தட்டப்போய், பக்கத்திலிருந்தவர் என் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. இவற்றுக்கெல்லாம் மூத்த கைதட்டல் ஒன்று உண்டு. எங்கள் மாமாவைக் கஸ்டம்ஸ்காரர்கள் ஜீப்பில் ஏற்றக் காரணமாக இருந்த ஒரு பிரசங்கத்துக்கு, தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று நான் மனமாரத் தட்டியது அது. அப்போது எனக்குப் பத்து வயது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே என் வயதுப் பையன்கள் இன்னும் சிலர் நின்றிருந்தார்கள். அவர்கள் யாரும் தட்டவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. வெகுகாலம் ஊரார் வள்ளங்களில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், ஒருவழியாகச் சொந்தத்தில் சின்னதாக ஒரு பாய்மர வள்ளம் வாங்கினார். அந்த வள்ளத்துக்குள் அம்மாவின் கழுத்துச் சங்கிலியும் அடங்கியிருந்தது. இது அப்பாவுக்குத் தெரியவந்தது, சாமியார் வந்து வள்ளத்தை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த அன்றைக்குத்தான். அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் வாயால். அன்றோடு அப்பா மாமாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அப்பா கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. பொய் சொல்லமாட்டார் என்று தெருவில் அவருக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயரை அவர் சலவைச் சட்டையைப் போலக் கசங்காமல் பார்த்துக்கொண்டார். ஏதோ ஒரு கப்பல் அதிகாரி ஆபீசில் விட்டுப்போன தடிமனான இங்கிலீஷ் புத்தகம் ஒன்று எங்கள் வீட்டு மேசையில் இருக்கும். உலகத்துக் கடல்களில் உள்ள மீன்களெல்லாம் வண்ணப் படங்களாக அதில் உண்டு. மீன் பிடிக்கிற குடும்பத்தில் பெண் எடுத்த ஒருவர், மீனைப் புத்தகத்தில் படிப்பதில் தனிக் கௌரவம் கண்டார் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு எனக்கு அது வெறும் கௌரவமாகவே பட்டது. நானும் அதில் பங்கு கேட்டுக்கொண்டேன்.

மாமிக்கு அப்போது பிள்ளை பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அதனால் மாமா விடியும் நேரத்தில் கடலுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்து, அம்மாவிடம் தூக்குவாளியில் நீத்தண்ணியும் பழைய சோறும் வாங்கிப்போவார். கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும் அப்பா அந்த நேரத்தில் முருங்கை மரத்தை மிகக் கவனமாகப் பார்ப்பார். எங்கள் வீட்டு முருங்கை அளவுக்குக் கவனிக்கப்பட்ட மரம் அந்தத் தெருவில் வேறு இல்லை.

எங்கள் கடலின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கடலுக்கு அடியில் பாறைத் திட்டுகள் உண்டு; பார் என்போம். முத்துச் சிப்பி விளைவது பாரில், நல்ல மீன் நிற்பதும் பாரில். எந்தப் பாருக்குப் போய்வந்தான் என்பதை எந்த வள்ளக்காரனும் வாயால் சொல்லமாட்டான். மற்றவர்கள் அவன் கொண்டுவந்த மீனைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடிப்பார்கள். இன்ன மீன் இன்ன பாரில் என்று கணக்கு இருக்கிறது. போன திசையை மாற்றிச் சொல்வதும், போன நேரத்தைக் கூட்டிக் குறைத்துச் சொல்வதும் அங்கே பொய்யில் சேர்த்தியில்லை. நேரத்தைச் சொன்னால் தூரம் தெரிந்துவிடும், தூரம் தெரிந்தால் பார் தெரிந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மாமாவும், கூடப் போயிருந்த மாமியின் தம்பியும் கொண்டுவந்து இறக்கிய மீன் எந்தப் பாரின் கணக்கிலும் இல்லை. அரிசி புடைக்கிற சுளகு அகலத்துக்கு வட்டமாக இருந்தது. வெள்ளிக்கும் நீலத்துக்கும் இடைப்பட்ட உடம்பு, அதன் மேல் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு, செட்டைகளும் வாயும் நல்ல சிவப்பு. மீன் விற்கும் ஒரு அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வந்திருக்கிறதே, சினிமாவில் சேரப் புறப்பட்டு வழி தவறிவிட்டதோ என்றார். கரையே சிரித்தது. ஆனால் வாங்க ஆளில்லை. தின்கிற மீனா, தின்றால் ஆளைத் தின்கிற மீனா என்று யாருக்கும் தெரியவில்லை. வள்ளக்காரர்கள் மட்டும் சிரித்து முடித்ததும் மீனை விட்டுவிட்டு மாமாவின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அது எங்கே கிடைத்ததோ அங்கே புதிதாக ஒரு பார் இருக்கிறது என்று அவர்களுக்குப் பட்டுவிட்டது.

மாமா என்னைக் கூப்பிட்டார். முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

“ஏலே, ஓடிப்போயி அத்தானைக் கூட்டிட்டு வா. படிச்ச மனுசரு, அவுக வந்து பாத்துச் சொல்லட்டும்னு மாமா சொன்னாருன்னு சொல்லு.”

வலியப்போய்ச் சமாதானம் பேசுவதற்கு அவருக்குக் கிடைத்த சாக்கு அந்த மீன் என்பது எனக்குத் தெரியவில்லை. ஓடினேன்.

அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். மாமா கூப்பிடுகிறார் என்றபோது அசையவில்லை. அங்கே யாரெல்லாம் நிற்கிறார்கள் என்று கேட்டார். நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, புதிதாக வந்திருக்கும் கஸ்டம்ஸ் சாரும் நிற்கிறார் என்றேன். அப்பா எழுந்துபோய் வேட்டியை மாற்றிப் பேண்ட் போட்டுக்கொண்டார். புத்தகத்தை எடுத்துக்கொண்டார். ஒரு மீனுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

கஸ்டம்ஸ் சார் வெளியூர்க்காரர், சின்ன வயது. நெருக்கடி நிலைக் காலம் அது. கடத்தல்காரர்களைப் பிடி என்று மேலிடத்திலிருந்து அவருக்கு ஓயாத நெருக்கடி. பெரிய கடத்தல்காரர்களோ கோயில் திருவிழாவில் முன்வரிசையில் நின்றார்கள், அவர்களைப் பிடிக்கும் உத்தேசம் யாருக்கும் இல்லை. அவரும் அன்று யாரையும் பிடிக்க வரவில்லை, வீட்டுக்கு நல்ல மீனாகப் பார்த்து வாங்கத்தான் வந்திருந்தார்.

அப்பா மீனைச் சுற்றி ஒருமுறை வந்தார். புத்தகத்தை விரித்துப் படத்தைக் காட்டினார். மீனின் பெயரை லத்தீனில் சொன்னார். கரையில் ஒருவருக்கும் அது வாயில் நுழையவில்லை. பிறகு பாதி இங்கிலீஷிலும் பாதி தமிழிலுமாக, கஸ்டம்ஸ் சாரின் பக்கமாகவே திரும்பி நின்று, ஆழமான பெருங்கடலின் குணங்களை விளக்கினார். கடைசியில் நிதானமாகச் சொன்னார்:

“இது நம்ம கடல்ல கிடையாது, சார். இலங்கையைத் தாண்டித் தெக்க போனாத்தான் உண்டு.”

நான் கைதட்டியது இந்த இடத்தில்தான்.

கஸ்டம்ஸ் சார் மீனைப் பார்த்தார், வள்ளத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். எப்போது போனாய், எங்கே பிடித்தாய் என்று கேட்டார். விடியக்காலையில் போனேன், மத்தியானம் திரும்பினேன் என்று மாமா உள்ளதைச் சொல்லியிருந்தால் அதோடு தீர்ந்தது. அந்த நேரத்துக்குள் இலங்கையைத் தாண்டிப் போய்வர அது பாய்மர வள்ளம், ஆகாய விமானம் இல்லை. ஆனால் சுற்றிலும் வள்ளக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மாமாவின் கண் அவர்கள் மேல்தான் இருந்தது, அதிகாரி மேல் இல்லை.

“நேத்துச் சாயங்காலமே போயாச்சு சார். தெக்க, ரொம்பத் தூரம். கரையே தெரியாது அங்கன.”

மாமியின் தம்பியும் தன் பங்குக்கு, ராத்திரி முழுக்கப் பாய் இறக்கவே இல்லை என்று சேர்த்துக்கொண்டார்.

வள்ளக்காரர்களுக்கு அது பச்சைப்பொய் என்று தெரியும். காலையில் கூடவே வள்ளம் தள்ளியவர்கள் அவர்களில் இருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நெருக்கினால் பார் வெளியே வரும் என்று காத்திருந்தார்கள். கஸ்டம்ஸ் சார் வள்ளத்தைச் சோதனை போட்டதில் சிலோன் சோப்பு ஒன்று, பாதி தேய்ந்தது, கிடைத்தது. அந்தக் காலத்தில் அது இல்லாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. அவருடைய வீட்டிலும் இருந்ததாகப் பிற்பாடு அவருக்குத் துணி வெளுத்தவர் சொன்னார். மாமாவை ஜீப்பில் ஏற்றினார்கள். மீனும் சாட்சியாகப் போயிற்று. இரண்டாம் நாள் சாட்சி நாறத் தொடங்கவே, புதைத்துவிட்டார்கள். மாமியின் தம்பி அன்று மாலையே குலசேகரன்பட்டினத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போனார். அந்தத் துக்கம் பல மாதங்கள் நீடித்தது.

அம்மா மறுநாள் மாமாவைப் பார்க்கப் போனபோது நானும் போனேன். உண்மையைச் சொல்லித் தொலையேன் என்று அம்மா அழுதாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இங்கன சொன்னா நாளைக்கே ஊரு வள்ளம் பூரா அங்கன நிக்கும்க்கா. ரெண்டு நாளுல விட்டுருவான். பாரு எங்கயும் போகாது, பேசாம இரி.”

அம்மா வீட்டுக்கு வந்து அப்பாவின் முன்னால் நின்றாள். அன்று விடியக்காலையில் அவன் நம் கொல்லையில் நின்று தூக்குவாளி வாங்கியதைக் கஸ்டம்ஸ் ஆபீசில் போய்ச் சொல்லுங்கள், நான் சொன்னால் கூடப்பிறந்தவள் என்று தள்ளிவிடுவார்கள், நீங்கள் சொன்னால் நம்புவார்கள் என்றாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“நான் பல் தேய்ச்சிக்கிட்டு இருந்தேன். யாரையும் பாக்கல.”

பொய் சொல்லாத மனிதர் சொன்னது. அம்மா தனியாகப் போய்ச் சொல்லிப் பார்த்தாள், நினைத்தபடியே தள்ளினார்கள். விசாரணை இல்லாமலே ஒருவரை உள்ளே வைத்திருக்கலாம் என்பது அந்தக் காலத்தின் வசதி. ரெண்டு நாள் என்றது மாதங்களாயிற்று. மாமா கடைசியில் மனம் உடைந்து பார் இருக்கும் இடத்தைச் சொன்னபோது, அதைக் கேட்டுக்கொள்ள அதிகாரிகளுக்கு நேரம் இல்லை. அதற்குள் மற்ற வள்ளக்காரர்கள் தாங்களாகவே தேடிக் கண்டுபிடித்திருந்தார்கள்.

அவர் வெளியே வந்தபோது வள்ளம் கஸ்டம்ஸ் மதிலுக்குள் வெயிலில் கிடந்து பலகைக்குப் பலகை வாய் பிளந்திருந்தது. பாயை யாரோ எடுத்துப்போயிருந்தார்கள். தண்ணீரில் இறக்கியதும் உட்கார்ந்துவிட்டது. மாமா உப்பளத்துக்கு வேலைக்குப் போனார். சுமக்கிற வேலை. கடலிலிருந்து வந்ததையே சுமந்தாலும், மறுபடி கடலுக்குள் போகவில்லை.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு மாறுதல். அம்மா அப்பாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் என் வழியாகச் சொல்ல ஆரம்பித்தாள். சாப்பிட வரச் சொல்லு, குடை எடுத்துட்டுப் போகச் சொல்லு என்பாள். நாற்காலி நாலடி தூரத்தில் இருக்கும். நான் போய்ச் சொல்லுவேன், பதில் வாங்கி வருவேன். வீட்டில் எனக்கு ஒரு பதவி கிடைத்துவிட்டதாகவே நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றிப் பீற்றிக்கொண்டதாகவும் ஞாபகம்.

அப்பா இறந்து சில வருஷங்களுக்குப் பின், நாலு எழுத்துப் படித்த திமிரில், கடல் நீரோட்டங்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். பெருங்கடல் மீன்கள் சில வருஷங்களில் நீரோட்டத்தோடு இழுபட்டு, தம் எல்லைக்கு வெகு தூரம் வெளியே, கரையோரப் பார்களில்கூட அகப்படும் என்று அதில் இருந்தது. அந்த மீனின் படமும் இருந்தது. மாமாவுக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று பஸ் ஏறிப் போனேன். உப்பளக் காற்றில் கண் மங்கிப்போய்க் கட்டிலில் உட்கார்ந்திருந்தவருக்குப் படத்தைக் காட்டி, நீரோட்டம், வெப்பநிலை, ஆழம் என்று விரிவாக விளக்கினேன். நீங்கள் எல்லை தாண்டவில்லை மாமா, மீன்தான் தாண்டியது என்று முடித்தேன். அவர் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் படத்தை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். சரி என்பது போலத் தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார்.

குசினியில் அடுப்புப் பக்கமிருந்து மாமிதான் பேசினாள்.

“இதைச் சொல்லவா பஸ் ஏறி வந்தே? பிடிச்ச இவுகளுக்கும் அன்னைக்கே தெரியும், பிரசங்கம் வச்ச ஒங்கப்பாவுக்கும் அன்னைக்கே தெரியும். ஒனக்குத்தாம்லே இப்பந்தான் தெரிஞ்சிருக்கு.”