பகலில் எடுத்த பேய்ப்படம்

போன கிழமை ஸ்டுட்கார்ட்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. மத்தியானம் மகள் அறைக்குள் வந்து ரோலாடனைக் கடகடவென்று இறக்கிவிட்டாள். ரோலாடன் என்றால் இங்கே ஜன்னலுக்கு வெளியே இருக்கும் பட்டைக் கதவு. கடை பூட்டும்போது கடைக்காரர் மேலிருந்து இழுத்துவிடுவாரே, அதன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடியில் அறை இருண்டது. எதிர்ச் சுவரில் மட்டும் சின்னச் சின்ன வெளிச்சப் பொட்டுகள் வரிசையாக விழுந்தன. என்னை அறியாமல், "குலம் அண்ணை, பொட்டு விழுகுது" என்று சொல்லிவிட்டேன்.

"ஆரப்பா குலம் அண்ணை?"

"எங்கட பேய்ப்படத்தின்ரை டைரக்டர்."

"நீங்கள் பேய்ப்படம் எடுத்தனீங்களோ? நல்ல படமோ, கூடாத படமோ?"

அதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல என்னால் ஏலவில்லை. அவளிடம் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உங்களிடம் சமாளிக்கத் தேவையில்லை, சொல்கிறேன்.

பதினைந்து, பதினாறு வருடத்துக்கு முந்திய கதை. குலம் அண்ணை ஒரு ஆஸ்பத்திரியின் சமையல்கூடத்தில் வேலை செய்தார். கிழமை முழுக்க முந்நூறு பேருக்கு உருளைக்கிழங்கு அவித்துவிட்டு, சனிக்கிழமைகளில் டைரக்டராகிவிடுவார். படத்தின் பெயர் 'கெல்லருக்குள் யார்?' சிரிக்காதீர்கள். இங்கே எல்லா மாடிக் கட்டடத்துக்கும் கீழே கெல்லர் என்று ஒரு நிலவறை உண்டு. அங்கே பழைய சைக்கிள், குளிர்கால டயர், முளைவிட்ட உருளைக்கிழங்கு எல்லாம் கிடக்கும். அதோடு ஒரு பேயையும் சேர்த்துவிட்டார் அண்ணை. புதிதாகக் குடிவந்த இரண்டு மாணவர்களை, அந்த வீட்டில் முன்பு செத்துப்போன கணவனும் மனைவியும் பேயாக வந்து ஆட்டிவைப்பதுதான் கதை. மனைவிப் பேய் ஜெயந்தி அக்கா, முதியோர் இல்லத்தில் தாதி. காலை வேலை முடித்து நேரே வந்து, வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டு தலையை விரித்துப் போடுவார். கணவன் பேய் நான். முகத்தில் அப்பிய அரிசிமாவின் வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. வீட்டில் இடியப்பத்துக்கு மா குழைத்தால் எனக்குப் பசிப்பதில்லை, அடுத்த ஷாட்டுக்குக் கூப்பிடுவார்களோ என்றுதான் தோன்றும்.

இரவில் எடுக்க வழியில்லை. எல்லோரும் விடிய எழும்பி வேலைக்குப் போகிறவர்கள். ஆகவே பட்டப்பகலில் என் வாடகை வீட்டில் ரோலாடனை இறக்கிவிட்டு இரவாக்கினோம். படத்தின் முதல் பலவீனமும் அதுதான். பட்டைகளுக்கு நடுவே இருக்கும் ஓட்டைகளால் வெயில் புகுந்து, நடுச்சாமக் காட்சியில் சுவர் முழுக்கப் பொட்டுகள். ஒட்டுகிற நாடாவோடு நான் ஜன்னல் ஜன்னலாக அலைந்தேன், ஒன்றை அடைத்தால் இன்னொன்று சிரிக்கும். கடைசியில் படம் பார்த்த ஒருவர், "பேய் வரேக்குள்ள அந்தப் புள்ளியள் வருதே, என்ன ஒரு கற்பனை!" என்று குலம் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணையும் கூச்சமில்லாமல், "ஓம், அது யோசிச்சுச் செய்தது" என்றார்.

பலவீனங்களைச் சொல்லத் தொடங்கினால் விடிந்துவிடும். மாசி மாதக் குளிர் என்பதால் பேய் கம்பளிக் காலுறை போட்டிருக்கும். ஒரு காட்சியில் அது கதவைத் திறந்துகொண்டு பயங்கரமாக உள்ளே வரும். அதே கதவில், இந்தக் கிழமை படிக்கட்டுப் பெருக்குவது இந்த வீட்டின் முறை என்று சொல்லும் பலகையும் ஆடிக்கொண்டு தொங்கும். ஸ்டுட்கார்ட் பக்கத்துச் சட்டம் அது, பேயானாலும் பெருக்கத்தான் வேண்டும். பீட்ரூட் இரத்தம் ஊதா நிறமாக விழுந்தது.

பலம் என்று ஒன்றும் இல்லாமலில்லை. எங்கள் பேய் கத்தாது. வாயைத் திறக்கும், சத்தம் வராது. ஆழமான விஷயம் என்று பலரும் பாராட்டினார்கள். உண்மை என்னவென்றால், ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை கட்டடத்தில் யாரும் சத்தம் போடக் கூடாது, கீழ்வீட்டு மூதாட்டி அதில் மிகக் கறார். ஜெயந்தி அக்கா ஒத்திகையில் ஒரேயொரு தரம் கத்தினார். மூதாட்டி மேலே வந்து, மணிக்கூட்டைக் காட்டிவிட்டு இறங்கிப் போனார்.

இனிச் சொல்லப்போவது பலமா பலவீனமா என்று எனக்கே தெரியாது.

செத்த கணவனின் படம் சுவரில் மாலையோடு தொங்கவேண்டும். அதற்கு ஒரு படம் தேவை. மாவுக்குள் என் முகம் தெரியாது, ஆகவே யாருடைய படமென்றாலும் சரி. ஊரெல்லாம் கேட்டேன், ஒருவரும் தரவில்லை. ஜெயந்தி அக்காவிடம் அவர் கணவரின் படத்தைக் கேட்டதற்கு, "நான் பேயா நடிக்கிறன் தம்பி, அதுக்காக உயிரோட இருக்கிற மனுசனுக்கு மாலை போட ஏலாது" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். நான் அப்போது பெரிய பகுத்தறிவாளன் என்று நினைப்பு. விசா விண்ணப்பத்துக்கு எடுத்த என் படத்தையே பெரிதாக்கி, பிளாஸ்டிக் மாலை போட்டு, முன்னால் விளக்கும் வைத்தேன். குலம் அண்ணை கீழே என் சொந்தப் பெயரையே எழுதினார். "உன்ரை பேர் செத்த ஆளுக்கு நல்லாப் பொருந்துது" என்று காரணமும் சொன்னார்.

அதோடு விட்டிருக்கலாம். விளம்பரத்துக்கென்று அந்தப் படத்தை அவர் இணையத்தில் போட்டார். எங்கள் ஆட்களின் காலைப் பழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. தேத்தண்ணி ஆறுமுன் மரண அறிவித்தல்களை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. மாலை, விளக்கு, பெயர் என்று எல்லாம் அச்சாக அப்படியே இருந்தால் யார்தான் கீழே பொடி எழுத்தில் இருந்த 'விரைவில் திரையில்' என்பதை வாசிக்கப்போகிறார்கள்?

எனக்கு ஒரு அண்ணன். அப்பாவும் அம்மாவும் போனபின் எனக்கென்று இருந்தவர் அவர் ஒருவர்தான். பிராங்க்பர்ட்டில் மின்வேலைத் தொழிலாளி. தன் முதலாளியின் காலைப் பிடிக்காத குறையாக மன்றாடி, அங்கேயே எனக்கும் தொழிற்பயிற்சிக்கு இடம் எடுத்துத் தந்தார். ஆஸ்பில்டுங் என்று இங்கே சொல்வார்கள், அது கிடைத்தால் வாழ்க்கை நிமிர்ந்துவிடும். நான் ஆறு மாதத்தில் விட்டுவிட்டு, நாடகம், கேமரா என்று ஸ்டுட்கார்ட்டுக்கு ஓடிவந்தேன். "முதலாளியின்ரை முகத்தில என்னெண்டு முழிக்கிறது? இனி எனக்குத் தம்பி இல்லை" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ரயிலில் இரண்டு மணி நேரத் தூரம், ஏழு வருடம் ஒரு சொல் இல்லை. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் நான் வாழ்த்து அட்டை போடுவேன். பதில் வராது.

அந்தச் சனிக்கிழமை, மனைவிப் பேய் படத்தின் முன் வந்து நிற்கும் காட்சி. கேமரா ஓடத் தொடங்கிவிட்டது. மாணவர்களாக நடித்த இருவரும் தரையில் குந்தியிருந்தார்கள். முகத்தில் மாவோடு நான் சமையலறையில் என் முறைக்குக் காத்திருந்தேன். வாசலில் யாரோ தட்டினார்கள். ஓரமாக நின்ற ஜெயந்தி அக்கா, சத்தம் பதிவாகிவிடும் என்று மெல்லக் கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். வாங்கோ என்று சொல்லவில்லை.

செத்தவீட்டில்தான் நாங்கள் வாங்கோ என்று சொல்லுவதில்லை. வந்தவர் அதை அப்படித்தான் விளங்கிக்கொண்டார். இருட்டு வீடு, எரிகிற விளக்கு, மாலை போட்ட என் முகம், தரையில் ஆட்கள், தலைவிரி கோலமாக ஒரு பெண். வேறென்ன நினைப்பார்?

சமையலறையில் எனக்குக் கேட்டதெல்லாம் ஒரு அழுகை. "ஏழு வரியமடா ராசா... ஒரு சொல்லுக் கதைக்கேல்லையேடா நான்..." குலம் அண்ணை எனக்குத் தெரியாமல் நல்லதொரு நடிகரைப் பிடித்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன், கொஞ்சம் பொறாமையும் பட்டேன். பிறகு குரல் பிடிபட்டது.

வெளியே வந்தேன். அண்ணன் படத்தின் கீழே முழங்காலில் இருந்தார். கையில் நான் போன தைப்பொங்கலுக்கு அனுப்பிய அட்டையின் உறை, பின்பக்கம் என் முகவரியோடு. நிமிர்ந்து என் வெள்ளை முகத்தைப் பார்த்தார். பேயென்று பயந்து ஓடவில்லை. எழும்பி வந்து பளாரென்று ஒன்று விட்டார். அறை பட்டதும் ஆள் உயிரோடுதான் இருக்கிறான் என்று தெரிந்திருக்கவேண்டும், அதே கையால் இழுத்துக் கட்டிப்பிடித்தார். அவர் ஜாக்கெட் முழுக்க அரிசிமா. நானும் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

மணி இரண்டு. சத்தம் கேட்டு மூதாட்டி வந்துவிட்டார். திறந்த கதவால் விளக்கையும் மாலையையும் எங்கள் கண்ணீரையும் பார்த்தவருக்கு மணிக்கூட்டைக் காட்ட மனம் வரவில்லை. ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து, "மைன் பைலைட்" என்று அனுதாபம் சொன்னார். செத்தவனுக்கும் கைகொடுத்துச் சொன்னார். நான் நன்றி சொன்னேன்.

குலம் அண்ணை கேமராவை நிறுத்தியிருக்கவில்லை. கோபம் வந்தது எனக்கு. அண்ணன்தான், "என்ரை மூஞ்சையைக் காட்டாதேங்கோ, வேலையிடத்தில ஆரும் பாப்பினம். சத்தம் வேணுமெண்டா கிடக்கட்டும்" என்றார். ஆகவே படத்தில் ஜெயந்தி அக்கா மாலை போட்ட என் படத்தின் முன் நிற்க, எங்கிருந்தோ ஒரு மனிதன் அழும் சத்தம் மட்டும் கேட்கும். காலுறையைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் அடங்கிப் போனார்கள். மட்டமான அந்தப் படத்தில் உண்மையாக இருந்தது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அண்ணன் மாதம் தவறாமல் வந்தார். என் கல்யாணத்தை முன்னின்று நடத்தினார். தொழிற்பயிற்சியைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. ஒரு கேவலமான பேய்ப்படத்துக்கு நான் இவ்வளவு நன்றிக்கடன் பட்டிருப்பது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். குலம் அண்ணைக்கும், அவருடைய அவசரப் புத்திக்கும், கீழே இருந்த பொடி எழுத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

குலம் அண்ணை இப்போது கனடாவில். படம் இருந்த கணினி பழுதாகிப் போய்விட்டது. என்னிடம் இருந்த ஒரே டிவிடி தட்டும் ஓடாது, ஓடினாலும் போட்டுப் பார்க்கிற பெட்டி எந்த வீட்டிலும் இல்லை. அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டு வேறொன்று கட்டிவிட்டார்கள். அண்ணன் போன மாரிகாலத்தில் போய்விட்டார், நெஞ்சுவலி, ஒரே நாள்தான். நான் செத்துப்போனேன் என்று அவர் அழுததை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். பிராங்க்பர்ட்டில் அவருடைய செத்தவீட்டில் நான் அதைவிடச் சத்தமாகத்தான் அழுதேன். அவருக்குக் கேட்கவில்லை.