அடுப்படிச் சுவரில் எண்ணெய்க் கறை

என் அத்தையோடு ஒரு வீட்டுக்குள் போவதைப் போன்ற அவஸ்தை வேறு கிடையாது. பழைய கட்டடங்களையும் அவற்றில் வாழ்ந்த பெண்களையும் ஆராய்ந்து புத்தகம் எழுதுவது அவள் தொழில். ஹாலில் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள். நேரே பின்கட்டுக்குப் போய், "பாத்திரமெல்லாம் எங்க உக்காந்து தேய்ப்பீங்க?" என்று கேட்பாள். சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில்கூட, கழிவறைக்கு எந்த வழியாகப் போவீர்கள் என்று விசாரித்து அப்பாவின் மானத்தை வாங்கியவள்.

எனக்குப் பத்து வயதானபோது ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த எங்கள் பழைய வீட்டை பில்டருக்கு விற்றார்கள். சாவி கொடுக்க வேண்டிய சனிக்கிழமை மதியம்தான் டில்லியிலிருந்து அத்தை வந்து இறங்கினாள். இடிப்பதற்குள் வீட்டை அளந்து படம் எடுக்க வேண்டுமாம். அன்று சாயங்காலம் என் வகுப்புத் தோழியின் பிறந்தநாள். புது கவுன் போட்டுக்கொண்டு நின்ற என் கையில் அளவு நாடாவின் ஒரு முனையைத் திணித்தாள்.

வாசலில் மரச்சட்டம் பின்னிய முகப்பும் பெரிய போர்ட்டிகோவும் உண்டு. தெருவில் போகிறவர்கள்கூட நின்று படம் எடுப்பார்கள். அத்தை அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கேமராவோடு நேரே சமையலறைக்குப் போனவள் அங்கிருந்து அலறினாள்.

சுவரெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. புத்தகத்தில் படம் வரப்போகிறது என்று கேள்விப்பட்ட அம்மா, முந்தின நாளே ஆள் கூப்பிட்டு வெள்ளையடித்திருந்தாள். இடிக்கப்போகிற சமையலறைக்கு! கிறிஸ்மஸுக்கு அடிப்போம், யாராவது வந்தால் அடிப்போம், இடிப்பதற்கும் அடித்துவிட்டோம்.

"அண்ணி, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க! அந்த எண்ணெக் கறை எங்க?"

அடுப்புக்கு எதிர்ச் சுவரில், தரையில் உட்கார்ந்தால் தலை படும் உயரத்தில், கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்து, தலை எண்ணெய் ஊறிய இடம். சுண்ணாம்பு பிடிக்காது என்று அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அடித்திருந்தார்கள்.

"ஆம்பளைங்க உக்கார இந்த வீட்ல நூறு இடம் இருக்கு. பொம்பளைங்க உக்காந்ததுக்கு அது ஒண்ணுதான் அடையாளம். அதுக்காகத்தான் அண்ணி ஃப்ளைட் புடிச்சு வந்தேன்!" அத்தை அழுதேவிட்டாள்.

"நல்லா இருக்கே! எங்க தலை அழுக்க ஊரெல்லாம் பாக்கணுமா?" அம்மாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "நீ போர்ட்டிகோல புக்க வெச்சிக்கிட்டு வளந்தவ. இங்க ஒரு நாளாவது உக்காந்திருக்கியா?"

அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, எப்படி உக்காருவீங்கன்னு மட்டும் காட்டுங்க அண்ணி" என்று கெஞ்சினாள்.

அம்மா முணுமுணுத்தபடி புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து, சுவரில் சாய்ந்தாள். தலை பட்ட இடத்தை அத்தை பென்சிலால் குறித்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நாடாவைப் பிடித்தேன்.

"இங்கேருந்து என்ன தெரியும் அண்ணி?"

"சாப்பாட்டு மேஜை தெரியும். யாருக்குக் குழம்பு வேணும், யாருக்கு ரசம் வேணும்னு பாக்க வேணாமா? வேற எதுக்கு இங்க உக்கார்றது?"

அத்தை குனிந்து, அம்மாவின் தலைக்குப் பக்கத்தில் தன் தலையை வைத்துக் கதவு வழியாகப் பார்த்தாள். மேஜையைப் போன வாரமே விற்றாகிவிட்டது. அங்கே வெறும் தரைதான் இருந்தது.

வாசலில் பில்டரின் ஆள் கன்னடம் கலந்த தமிழில் குரல் கொடுத்தான். "டைம் ஆய்த்து மேடம், கீ கொடுங்க!"

இன்னும் கொஞ்ச நேரம் கேட்டு அவனோடு சண்டை போட அத்தை முன்பக்கம் ஓடினாள். எனக்கு எரிச்சலில் அழுகை முட்டியது. அங்கே கேக் வெட்டி முடித்திருப்பார்கள். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. முடியில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருக்க, கண்ணை மூடி அப்படியே சாய்ந்திருந்தாள். குழம்பு வேண்டும், ரசம் வேண்டும் என்று அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. தலைவலி போலிருக்கிறது, எல்லாம் இந்த அத்தையால் வந்தது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே நான் மாத்திரை தேடப் போனேன்.