கண்டக்டருக்கு வந்த வாந்தி

இன்று காலை நடுவட்டத்தில் ஊட்டி பஸ் ஏறினேன்.

ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை!

(இத்தனை நாளும் ஊட்டி வேலை எதுவாக இருந்தாலும் யார் தலையிலாவது கட்டிவிட்டேன். ரேஷன் கார்டு திருத்தம் மட்டும் யாரை அனுப்பியும் நடக்கவில்லை.)

என் வீட்டுக்காரர் இதே ரூட்டில் பதினோரு வருஷம் கண்டக்டர். அவர் பையில் எப்போதும் இரண்டு எலுமிச்சம்பழம் இருக்கும். பழைய பேப்பரில் அவரே ஒட்டின பைகளும் இருக்கும். வளைவில் வாந்தி எடுக்கிறவர்களுக்கு. (மலையில் பிளாஸ்டிக் கவர் கூடாதே!)

அவருக்குக் குரோன்ஸ். குடலெல்லாம் புண்ணாகி வீங்குகிற நோய். கொஞ்ச நாள் சும்மா கிடக்கும், திடீரென்று கிளம்பும். கிளம்பினால் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு தடவை வெளிக்குப் போகவேண்டும். "எந்த ஸ்டாப்புல பாத்ரூம் பூட்டாம இருக்கும்னு இந்த மலையிலயே எனக்குத்தான் அத்துப்படி" என்று அதையும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

கோயமுத்தூர் டாக்டர் முதல் நாளே சொன்னார்.

"வயித்துப்போக்கு கூடுனா போன் பண்ணுங்க, மாத்திரை மாத்தலாம். ஆனா வயிறு உப்பி, வலி விடாம, வாந்தி நிக்காம, காத்துகூடப் பிரியாம இருந்தா போனும் வேண்டாம், யோசனையும் வேண்டாம். பக்கத்துல இருக்குற பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்பவே போயிடணும். காய்ச்சல் அடிச்சாலோ, ரத்தம் நிறையப் போனாலோ அப்படித்தான்."

பேப்பரிலும் எழுதிக் கொடுத்தார். நான் பீரோவுக்குள் பத்திரமாக வைத்தேன்.

(பத்திரமாக!)

போன மழைக்கு நோய் கிளம்பி இரண்டு வாரம் லீவில் படுத்துக் கிடந்தார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, இன்னிக்கு ஒருவாட்டிகூடப் போகலை!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டு தடவை போனவர் ஒரு தடவைகூடப் போகவில்லை! மாரியம்மன் கோயிலுக்கு ஓடிப்போய் நெய் விளக்குப் போட்டேன்.

"வயிறுதான் கொஞ்சம் கல்லாட்ட இருக்குது" என்றார்.

"வாயுங்க அது. ஓமத்தண்ணி வெச்சுத் தாரேன்."

குடல் அடைத்துக்கொண்டதால்தான் போகவில்லை என்று எனக்கு அப்போது தெரியாது. நோய் முற்றினதற்கு நான் விளக்கேற்றிவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் சனிக்கிழமை. சொல்லச் சொல்லக் கேட்காமல் டூட்டிக்குக் கிளம்பிவிட்டார். பத்து மணிக்குப் போன் வந்தது.

"ஏ புள்ள, பைக்காரா தாண்டி வாந்தி எடுத்துட்டேன். பஸ்ஸே சிரிக்குது!"

பின்னால் டிரைவர் அண்ணன் குரல் கேட்டது. "ஏனுங்க தங்கச்சி, கண்டக்டருக்கே வளைவு ஒத்துக்கலையாமா!"

நானும் சிரித்தேன். "ரெண்டு வாரம் வூட்டுல கெடந்தா வளைவு பழக்கம் உட்டுப்போகாதுங்களா? பையிலதான எலுமிச்சம்பழம் இருக்குது, மோந்து பாருங்க."

பதினோரு வருஷத்தில் அந்த மனுஷன் ஒரு நாள்கூடப் பஸ்ஸில் வாந்தி எடுத்ததில்லை. அது ஏன் எனக்கு அப்போது உறைக்கவில்லை?

மத்தியானமே பாதியில் திரும்பி வந்துவிட்டார். வந்தும் வாந்தி. கஞ்சி குடித்தால் வாந்தி, தண்ணீர் குடித்தாலும் வாந்தி.

வீட்டுக்குள் ஏதுங்க வளைவு?

வயிறு மத்தளம் மாதிரி இருந்தது. "ஊட்டிக்குப் போயிரலாங்களா?" என்று ஒரு தடவை கேட்டேன். "திங்கக்கெழம டாக்டரப் பாத்துக்கலாம் புள்ள. ஆஸ்பத்திரின்னா மறுபடி லீவு கேக்கணும்" என்றார். ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். சரியென்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. பக்கத்து வீட்டு ஜீப்பில் ஊட்டி. ஸ்கேன் பார்த்ததும் கோயமுத்தூருக்கு ஆம்புலன்ஸ். அடைத்த இடத்தில் குடல் ஓட்டை விழுந்து, உடம்பெல்லாம் விஷம் ஏறியிருந்தது. ஆபரேஷன் பண்ணினார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார்.

"நேத்தே வந்திருக்கலாமேம்மா" என்று ஆபரேஷனுக்கு முன்னாலேயே சொன்னார் அந்தக் கோயமுத்தூர் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

இன்றைய பஸ்ஸுக்கு வருகிறேன்.

பைக்காரா தாண்டினதும் முன் சீட்டில் ஒரு பாப்பா வாந்தி எடுத்தாள். ஆறு வயசு இருக்கும்.

"வளைவுதான்" என்றார் அவள் அம்மா. புது கண்டக்டர் எலுமிச்சம்பழம் நீட்டினார்.

என்னால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டேன்.

"ஏனுங்க, பாப்பா எப்பவும் எடுக்குமா? இன்னிக்குத்தானா?"

"எப்ப பஸ் ஏறுனாலும் எடுக்குமுங்க."

"வயிறு உப்பியிருக்குதா? வெளிக்குப் போச்சா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது! அந்த அம்மா பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். (பைத்தியம் என்று நினைத்திருப்பார். பாதி சரிதான்.)

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் அவர்கள் பின்னாலேயே இறங்கினேன். ரேஷன் ஆபீஸ் எங்கேயும் ஓடிப்போகாது. பத்து நிமிஷம் தள்ளி நின்று பார்த்தேன். பாப்பா தண்ணீர் குடித்தாள். உள்ளே தங்கியது. பேக்கரியைக் காட்டி, "அம்மா, வர்க்கி வாங்கிக் குடு" என்று குதித்தாள்.

அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் டாக்டர் எழுதிக்கொடுத்த பேப்பர் இருந்தால், தயவுசெய்து அதைப் பீரோவிலிருந்து எடுத்து எல்லோர் கண்ணிலும் படுகிற சுவரில் ஒட்டுங்கள். "போயிரலாங்களா" என்று கேட்காதீர்கள். "கெளம்புங்க" என்று சொல்லுங்கள்.

நான் அழுகிறதைப் பார்த்து, பாப்பாவின் அம்மா என் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு வெவரமாக் கேட்டீங்களே, நீங்க நர்சுங்களா?"

"இல்லீங்க. கண்டக்டர் சம்சாரம்."