கன்னையனும் கதவைச் சாத்திய பையனும்

சேவூர்க் கன்னையனுக்குப் பொறாமை புதிதல்ல. பனியன் கம்பெனியில் பக்கத்து மிஷின்காரன் பக்கம் ஃபேன் திரும்பினாலே வயிறு எரியும். அப்படிப்பட்டவன் கடைசியில் ஒரு பிரான்சுக்காரப் பையன் மேல், அதுவும் சினிமாவில் வந்தவன் மேல் பொறாமைப்பட்டான்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளிநாட்டுப் படம் காட்டும் திரைப்படக் கழகத்துக்கு அவனை இழுத்துப்போனவன் அறைக்கூட்டாளி மூக்கையா. தெற்கத்திக்காரன், துணி பின்னும் நிட்டிங்கில் இரவு ஷிப்டு. கன்னையனுக்கு ஓவர்லாக் தையலில் பகல் ஷிப்டு. வேலம்பாளையம் லைன் வீட்டில் இருவருக்கும் ஒரே பாய். ஒருவன் எழுந்து போனால்தான் மற்றவன் படுக்கலாம்.

படத்தில் பாட்டில்லை, சண்டையில்லை, பேச்சும் அரிது. வேலையை விட்ட இளவட்டம் ஒருவன் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். அப்பன் தட்டுகிறான், காதலி தட்டுகிறாள். திறக்காமல் கட்டிலில் மல்லாந்து கூரையையே பார்க்கிறான். அவ்வளவுதான்.

விளக்குப் போட்டதும் ஆளாளுக்கு அவனுடைய வெறுமையைப் பேசி உருகினார்கள். மூக்கையா கண்ணைத் துடைத்துக்கொண்டான். கன்னையனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அழுகறதுக்கு என்னங்ண்ணா இருக்குது? தனி ரூமு, கட்டலு, உள்தாப்பா. எழுப்பறதுக்கு ஆளில்லீங்க. எனக்கு ஒரே ஒரு நாளு அப்படிக் கெடைச்சாப் போதுமுங்க.”

“ஒனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையாப்பா?” என்றான் மூக்கையா.

ஈரமெல்லாம் இருந்தது. சீக்கிரமே சொந்தமாக நாலு மிஷின் போடலாம் என்று ஊரைவிட்டு வந்தவன் கன்னையன். பனியனுக்குக் கை மூட்டி மூட்டி அந்த ஆசை தேய்ந்தே போனது. அதற்காக உட்கார்ந்து வருத்தப்படக்கூட அவனுக்கு ஒழிவு கிடைக்கவில்லை. அந்தப் பையனுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது?

மறுநாள் காலை லைன் வீட்டு ஆட்கள் வேலைக்குக் கிளம்பியதும், கம்பெனிக்குப் போகாமல் கதவைத் தாழிட்டான். மல்லாந்து படுத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்தான். வருத்தத்தை எங்கிருந்து தொடங்கலாம் என்று யோசிக்கும்போதே கதவு தட்டப்பட்டது.

அந்தப் பையன் திறக்கவில்லையே. இவனும் அசையவில்லை.

“கன்னையா, தெறப்பா. ராத்திரி பூரா நின்னது, காலு கடுக்குது.”

எழுந்து திறந்தான். தலையெல்லாம் பஞ்சோடு மூக்கையா நின்றிருந்தான்.

“இன்னிக்கு ஒரு நாளு மட்டும் நானே படுத்துக்கறனுங்ண்ணா…”

“எம் முறைப்பா” என்றான் மூக்கையா, கோபமில்லாமல். கன்னையனின் சூடு ஆறாத பாயில் சாய்ந்தவன் அடுத்த நிமிடமே குறட்டை விட்டான். அந்தத் தூக்கத்தைப் பார்த்தும் கன்னையனுக்கு வயிறு எரிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுக் கம்பெனிக்கு ஓடினான்.