கிசுகிசுக்கத் தெரியாதவன் எழுதிய பொருள்

எங்கள் அகராதி அலுவலகத்தில் 'கிசுகிசு' என்ற சொல்லுக்குப் பொருள் எழுதியவன் நான். "பிறர் காதில் விழாதபடி தாழ்ந்த குரலில் பேசுதல்" என்று எழுதி, "தோழியிடம் ஏதோ கிசுகிசுத்தாள்" என்று எடுத்துக்காட்டும் சேர்த்துவிட்டு, அன்று முழுவதும் நெஞ்சை நிமிர்த்தியே நடந்தேன். அந்தச் செயல் எனக்கு ஒருநாளும் கைவந்ததில்லை என்பது வேறு விஷயம். "சத்தம் போடாதே, பாப்பா தூங்குது" என்று நான் மனைவியிடம் சொல்லும்போதுதான் பாப்பா விழித்துக்கொள்ளும்.

அச்சுப்படி திருத்துவதும் என் வேலைதான். அந்த அறையில் நான்கு மேசைகள், மேசைக்கு இருவர். ஒருவர் கையெழுத்துப் படியை நிறுத்தக்குறிகளோடு வாய்விட்டு வாசிப்பார்; மற்றவர் அச்சுப்படியில் பிழை பார்ப்பார். எனக்கு வாசிப்பவரை அறையில் எல்லோரும் 'அக்கா' என்போம். பத்தொன்பது ஆண்டுகளாக வாசிக்கிறார். அடுத்த மேசைக்கு ஓர் எழுத்தும் கேட்டதில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து பார்த்த புது மேலாளருக்கோ, அக்கா வாயை மட்டும் அசைத்துப் பொழுதைப் போக்குவதாகத் தோன்றியது. அவரைக் கிடங்குக்கு மாற்றும் உத்தரவு தட்டச்சாவதை நானே பார்த்தேன். நாள் முழுக்க நின்று பொட்டலம் கட்டும் வேலை. அக்காவின் முழங்கால் பத்து நிமிடம் தாங்காது.

எச்சரிக்காமல் இருக்க முடியுமா? குனிந்து, வாயைக் கையால் மறைத்து, இயன்ற மட்டும் குரலைத் தாழ்த்தினேன். கேட்டுக் கேட்டு ஊறிய பழக்கத்தில் நிறுத்தக்குறிகளும் கூடவே வந்தன.

"அக்கா கால்புள்ளி உங்கள கிடங்குக்கு மாத்தப் போறாங்க முற்றுப்புள்ளி அந்த மேனேஜருக்குக் காதுல கோளாறு வியப்புக்குறி"

மற்ற மூன்று மேசைகளிலும் பென்சில்கள் நின்றன. "இந்த வரி என் பக்கத்துல விட்டுப்போச்சே!" என்று அடுத்த மேசைக்காரர் பதறினார்.

கதவு திறந்தது. "யாருக்குக் காதுல கோளாறு?" என்றார் மேலாளர்.

அக்காவின் உதடுகள் அசைந்தன. மேலாளர் இரண்டடி நெருங்கினார், கேட்கவில்லை. குனிந்தார்.

"இந்தத் தம்பிய ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்க சார். அப்புறம் என்னைய எங்க வேணும்னாலும் அனுப்புங்க."

ஐந்து வரிதான் வாசித்தேன். இரண்டாம் மேசையில் வாசித்தவர் தம் வரியை விட்டு என் வரிக்குத் தாவினார். அடுத்த மேசைக்காரர் 'கிணறு' என்பதற்கு நேரே "தோழியிடம் ஏதோ" என்று எழுதிவிட்டு, "ஐயா சாமி, இவரு வாய யாராவது மூடுங்களேன்!" என்று அலறினார்.

மேலாளர் அப்போதே உத்தரவை வரவழைத்து, அதிலிருந்த பெயரை அடித்துவிட்டு, என் பெயரை எழுதினார்.

கிடங்கில் என் குரலுக்கு நல்ல மதிப்பு. தெருமுனையில் நிற்கும் லாரி ஓட்டுநருக்கும் ஆள் அனுப்ப வேண்டியதில்லை. போன வாரம் மாடியிலுள்ள என் பழைய அறையிலிருந்து ஓர் அச்சுப்படி வந்தது. என் பொருளை அடித்துவிட்டு, "வேண்டியவர் காதில் மட்டும் விழும்படி பேசுதல்" என்று அக்கா திருத்தியிருந்தார். ஓரத்தில் பென்சிலில், "சரியா தம்பி?"

"சரிக்கா!" என்றேன், இருந்த இடத்திலிருந்தே.

நான்கு மேசைகளிலும் குறித்துக்கொண்டார்களாம்.