சிலுவை மாற்றும் நேரம்

1. முதல் கேள்வி

ஈமச்சடங்கு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளியிடம் வாய் கொடுத்தேன். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் ஆபீஸ். மரணச் செய்தி சொல்லி யாராவது போன் பண்ணினால் முதலில் எதைக் கேட்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இந்துவான்னு கேளு. இல்லன்னா, கேத்தலிக்கா கிறிஸ்டியனான்னு கேளு."

"கேத்தலிக்கும் கிறிஸ்டியன்தானே சார்?"

"அந்தப் பஞ்சாயத்து எனக்கு வேணாம்லா. ஸ்டோர்ல ரெண்டு சிலுவை இருக்கு. எத ஏத்தறதுன்னு தெரிஞ்சா போதும்."

ஸ்டோருக்குள் போய்ப் பார்த்தேன். இயேசுவின் உருவம் வைத்த பாடுபட்ட சுரூபம் கத்தோலிக்கருக்கு. உருவம் இல்லாத வெறும் சிலுவை மற்ற சபைக்காரர்களுக்கு. இரண்டையும் ஒரே ஸ்டாண்டில் மாட்டிக்கொள்ளலாம். நான் மெதடிஸ்ட் வீட்டில் பிறந்து ஆங்கிலிக்கன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். நெற்றி நிறையத் திருநீறு வைத்திருக்கும் ஒரு மனிதர் எங்களை இப்படி இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறாரே என்று எரிச்சல் வந்தது. அவர் பிரிக்கவில்லை, பிரிந்து கிடந்ததைப் பார்த்து ஸ்டோரை அடுக்கினார் என்பது வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் உறைத்தது. அந்த எரிச்சல் இன்னும் கூடிவிட்டது.

ஆனாலும் பணி ஓய்வு பெறும் வரை நானும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன், சுவா சூ காங்கில் அந்தச் சாவு விழாமல் இருந்திருந்தால். இப்போது இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக அதை எழுதுகிறேன்.

2. ஆரோக்கியசாமி வீடு

இறந்தவர் ஆரோக்கியசாமி. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். மனைவி ரீத்தம்மா. ஒரே மகன் வின்சென்ட். தாய், தகப்பன் கத்தோலிக்கர்கள். மகன் பெரியவனான பிறகு தெம்பனிஸில் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து, அங்கே மறுபடி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டவன்.

அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே திறந்து கிடக்கும் தளமான வாய்ட் டெக்கில் பெட்டியை வைத்தோம். முதல் நாளே உறவுக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். சுரூபம் இல்லாமல் ஜெபமாலை சொல்ல மாட்டோம் என்றது கத்தோலிக்கக் கோயிலிலிருந்து வந்த பங்குக் கூட்டம். சுரூபத்துக்கு முன்னால் நாங்கள் பாடுவதில்லை என்றார்கள் மகனின் சபையார். ஏழு மணிக்குப் பங்கு, எட்டரைக்குச் சபை, நடுவில் சிலுவையை மாற்றிக்கொள்வோம் என்று ஏற்பாடு செய்தேன். இரண்டு பக்கமும் தலையாட்டியது. எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமைதான்.

அன்று சாயந்திரம் அப்படியே நடந்தது. ஜெபமாலை சொல்லும்போது வின்சென்ட் கார் பார்க்கில் போனைப் பார்த்தபடி நின்றான். முடிந்ததும் என் உதவியாள் முருகையா சுரூபத்தை இறக்கி வெறும் சிலுவையை ஏற்றினார். சபையார் கிட்டாரோடு வந்து உட்கார்ந்தார்கள். பங்குக்காரர்கள் தள்ளிப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து பாக்கெட் டிரிங்க் குடித்தார்கள்.

இரண்டாம் நாள் முருகையா சுரூபத்தை இறக்கும்போது, முதல் நாள் அழுது சோர்ந்து எதையும் கவனிக்காமல் இருந்த ரீத்தம்மா எழுந்து என்னிடம் வந்தார்.

"நேத்தும் இதான் செஞ்சீங்களா?"

"யாருக்கும் மனஸ்தாபம் வரக் கூடாதுன்னுதான்மா."

"அவரு ஒருத்தராத்தான் படுத்திருக்காரு. நாமதான் வெளிய ரெண்டு சாவு நடத்திக்கிட்டு இருக்கோம்." பெட்டியின் விளிம்பைத் தடவினார். "எனக்கு ஒண்ணு போதும்மா. நாளைக்கு அவன் அப்பாவக் கோயிலுக்குள்ள தூக்கிட்டு வரணும். வருவானான்னு கேட்டுச் சொல்றீங்களா? நான் கேட்டா அழுதுடுவேன்."

கார் பார்க்குக்குப் போய் வின்சென்டிடம் கேட்டேன்.

"வண்டி வரைக்கும் தூக்குவேன் ஆன்ட்டி. சர்ச் உள்ள வர மாட்டேன்."

"அம்மாவுக்காகக் கூடவா?"

"நான் ஞானஸ்நானம் எடுத்த அன்னைக்கு அப்பா எங்கூடப் பேசறத நிறுத்துனாரு. ஆஸ்பத்திரியில கூட முகத்தத் திருப்பிக்கிட்டாரு. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உள்ள போறது?"

பையன் பிடிவாதக்காரன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அடிபட்டவன் என்று அப்போதுதான் தெரிந்தது. ரீத்தம்மாவிடம் போய், "பாக்கலாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

3. கடைசிக் காலை

மறுநாள் சபையார் முதலில் ஜெபித்து முடிப்பதாகவும், பிறகு ஃபாதர் வந்து பெட்டியை மூடிக் கோயிலுக்குக் கொண்டுபோவதாகவும் திட்டம். தெம்பனிஸிலிருந்து வந்த பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டது. பஸ் வந்து சேர்ந்தபோது ஃபாதரும் அங்கியோடு வந்துவிட்டார். கோயிலில் பூசைக்கு நேரமாகிவிட்டது. இரண்டு கூட்டமும் பெட்டியைச் சுற்றி ஒரே நேரத்தில் நின்றன. ஸ்டாண்டில், முந்தின இரவு சபையார் போனதும் மறுபடி ஏற்றிய சுரூபம் இருந்தது. என் கையில் வெறும் சிலுவை இருந்தது.

"அக்கா, மாத்தவா?" என்றார் முருகையா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரீத்தம்மா எனக்கு முந்திக்கொண்டார்.

"இருக்கறபடியே இருக்கட்டும். ஆண்டவரு சொல்லிக்கொடுத்த ஜெபம் எல்லாருக்கும் தெரியும்ல. அதச் சொல்லிட்டு மூடுங்க."

ஃபாதர் சபையின் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் தலையசைத்தார். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத்தான் இந்தச் சங்கடம் தெரியும். ஜெபம் ஒன்றுதான், ஆனால் கத்தோலிக்கர் ஒரு மொழிபெயர்ப்பில் சொல்வார்கள், நாங்கள் வேறொன்றில் சொல்வோம். அவர்கள் தந்தையே என்று தொடங்க நாங்கள் பிதாவே என்போம். வரிக்கு வரி முட்டியது. ஒருவர் முந்தினார், ஒருவர் பின்தங்கினார். யாருக்கும் யார் குரலும் சரியாகக் கேட்கவில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கத்தோலிக்கர் ஆமென் சொல்லி முடிக்கும் இடத்தில் எங்களுக்கு இன்னும் ஒரு துதி வரி இருக்கும். அந்த இடம் வந்ததும் ரீத்தம்மா தன் கூட்டத்தைப் பார்த்துக் கையை லேசாக உயர்த்தினார். ஆமென் வரவில்லை. பங்குக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

வின்சென்ட் கண்ணை மூடித் துதி வரியைச் சொல்லிக்கொண்டிருந்தான். பாதிக் கூட்டம் அமைதியாகிவிட்டதை உணர்ந்து கண்ணைத் திறந்தான். எதிரே அம்மா, அவன் முடிப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றார். அவன் குரல் உடைந்துவிட்டது. மிச்சத்தை மெதுவாகச் சொல்லி முடித்தான். அதற்குப் பிறகு எல்லோருமாக ஆமென் சொன்னார்கள். எங்கள் தொழிலில் அழக் கூடாது என்பார்கள். நான் அழுதேன்.

கோயில் வாசலில் பெட்டியை இறக்கியபோது, முன்பக்கம் வின்சென்டிடமிருந்து வாங்கிக்கொள்ள அவன் சித்தப்பா கையை நீட்டினார்.

"நானே வர்றேன் சித்தப்பா," என்றான் வின்சென்ட்.

பீடம் வரை தூக்கிப் போனான். பூசை முழுவதும் கடைசி வரிசையில் நின்றான். முழங்கால் போடவில்லை, நற்கருணை அப்பம் வாங்கவில்லை. அவன் கத்தோலிக்கனாக மாறவில்லை, அந்தப் பங்குக்காரர்களும் வேறு ஒன்றாக மாறவில்லை. ரீத்தம்மா ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அது போதுமாக இருந்தது அவருக்கு.

சபை எதற்கு என்று இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். எந்த உபதேசம் சரி என்று எனக்கு வாதாடத் தெரியாது. துக்க வீட்டில் ஒருவரும் தனியாகத் தூக்காமல் பார்த்துக்கொள்ளவாவது சபை வேண்டும் என்று நம்புகிறேன். அந்தச் சாவுக்குப் பிறகு என் முதல் கேள்வியை மாற்றிக்கொண்டேன். நீங்களும் போனை எடுத்ததும் அதையே கேளுங்கள்: பெட்டியை யார் யார் தூக்கப் போகிறீர்கள்? எந்தச் சிலுவை என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.